சோற்றைக் குறைத்த மாதங்கள்

அந்தப் பிள்ளைக்குச் சட்டை போடும்போது இடது கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். வலது கையை முதலில் போட்டுவிட்டால் இடது கை பின்னால் வளையாது, பிள்ளை வீறிட்டு அழும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைத் தெரிந்துகொண்டேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுத்து, மூக்குத் துடைத்து, தூங்கவைத்து, மாலையில் திருப்பிக் கொடுப்பது என் வேலை. பதினாறு பிள்ளைகளில் அவளுக்கு மட்டும் இடது கை தோளிலிருந்து தொங்கும். நான் உண்டானபோது அவளுக்கு மூன்று வயது. பந்தை வலது கையால் அள்ளி, தாடையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டதாம். அவளுடைய அம்மா ஒரு நாள் வாசலில் நின்றபடி சொன்னாள். "தல வந்திருச்சு அக்கா, ஒடம்பு வரல. நர்ஸ் மிஸ்ஸிமாருங்க அடிவயித்தப் போட்டு அமுக்குறாங்க. நான் செத்துட்டேன்னே நெனச்சேன்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளும் என்னைப் போலத் தடித்த உடம்புக்காரிதான். தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் அப்படி. மற்றப் பெண்களெல்லாம் காற்றடித்தால் விழுகிற மாதிரி இருப்பார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் கூடை தூக்கி மலை ஏறியவள்தான். அப்புறம் பிள்ளைக் காம்பரா வேலை கிடைத்தது, மலை ஏறுவது நின்றது, சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று நானே சாப்பிடுவேன். இரண்டு மூன்று வருடத்தில் என் பழைய சட்டை ஒன்றுமே ஏறவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். "நீ பின்னால ஏறுனா முன் சக்கரம் தூக்குது புள்ள" என்று கிண்டல் செய்வார். நான் திருப்பி இரண்டு சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மாமியாருக்கு மட்டும் ஒரே பெருமை. "எம் மருமவளப் பாருங்க, நல்லா செழிப்பா இருக்கா" என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரிடமும் சொல்வார். அவர் காலத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை. என் உடம்பு அவருக்கு வீட்டின் நல்ல காலம். அதனால் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து நான் உண்டானபோது அவர் ஒன்றுக்கும் பயப்படவில்லை. ரத்தமில்லாத, எடையில்லாத பெண்களைத்தானே கிளினிக்கில் திட்டுவார்கள்? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

தராசில் ஏறினேன். முள் போன இடத்தைப் பார்த்து வரிசையில் நின்ற ஒருத்தி, "ஒன்ன நிறுக்க கொழுந்து மூட்ட நிறுக்கிற மடுவத்துத் தராசுதான் சரி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மருத்துவிச்சி மிஸ் சிரிக்கவில்லை. என் அட்டையில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"உங்களுக்குத்தான் கூடக் கவனம் வேணும். பிரஷர் வரலாம், ரத்தத்துல சீனி கூடலாம், புள்ள அளவுக்கு மேல வளரலாம். ஒரு கிளினிக்கும் விடக்கூடாது, சரியா?"

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து, "நல்லா இருக்கிறவளப் பார்த்து என்னா பேச்சுப் பேசுறா" என்று என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்தை வழி நெடுக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பயம் என்றால் என்னவென்று ஆறாம் மாதத்தில் தெரிந்தது. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற சின்ன மெஷினை மிஸ் என் வயிற்றில் வைத்தார். எனக்கு முன்னால் படுத்தவளுக்கு வைத்தவுடனே குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினார். பிறகு இடது பக்கம், பிறகு வலது பக்கம். மெஷின் இரைந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாரியம்மா, எடுத்துக்கொள்ளாதே தாயே, எடுத்துக்கொள்ளாதே என்று உள்ளுக்குள் கத்தினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தொப்புளுக்குக் கீழே, ஒரு மடிப்பைக் கையால் தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில் வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

"அழாதீங்க. கொழுப்பு கூட இருக்கிறதால தேடி எடுக்க நேரம் போகுது. புள்ள நல்லா இருக்கு" என்றார்.

நான் அழுகிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் தட்டித் தட்டிப் பார்ப்பேன்.

ஏழாம் மாதம் இரத்தம் சோதித்தார்கள். சீனி கூடியிருந்தது. டொக்டர் சிங்களத்துப் பெண், நல்ல மாதிரி. தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, சோறு குறைக்க வேணும். சீனி வேணாம். இனிப்பு வேணாம். நடக்க வேணும்." மிஸ்ஸும் அதையே இன்னொரு தடவை சொல்லி, கையில் ஒரு தாளும் கொடுத்தார். தாளில் ஒரு தட்டுப் படம். தட்டில் சோறு ஒரு ஓரத்தில் கொஞ்சமாக இருந்தது.

குறைப்பதா? நான் சோற்றை அடியோடு விட்டேன். ஒரு பருக்கை தொடவில்லை. தேயிலைச் சாயத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தேன். வேர்க்கடலை உருண்டைக்கு உயிரை விடுகிறவள், அதன் பக்கம் திரும்பவில்லை. சோறு கொதிக்கிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன். விரதம் பிடித்த மாதிரித்தான் இருந்தேன். வாழ்நாளில் நான் யார் சொல்லையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

சோற்றுக்குப் பதிலாக மாமியார் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். கோதுமை மா, தேங்காய்ப் பூ, உப்பு. எங்கள் ரொட்டி மற்ற இடத்து ரொட்டி மாதிரி இல்லை. மலைக்கு எடுத்துப் போய் மத்தியானம் வரை பசி தாங்க வேண்டுமென்று கை மொத்தத்துக்குத் தடிப்பாகத் தட்டுவார்கள். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, சாயந்தரம் மூன்று. தோட்டத்தில் சீனி வருத்தம் வந்த பெரியவர்கள் எல்லாரும் சோற்றை விட்டு ரொட்டிக்குத்தான் மாறுவார்கள். அதுதான் பத்தியம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாரிடமும் கேட்க வேண்டுமென்று தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சீனி முன்பைவிட ஏறியிருந்தது.

மிஸ் கோபப்பட்டார். "சோறு சாப்பிடுறீங்க. பொய் சொல்லாதீங்க."

"அம்மன் சத்தியமா ஒரு பருக்க தொடலைங்க மிஸ்."

"அப்ப இது எப்புடி ஏறும்?"

எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பசியில் உடம்பு தளர்ந்துதான் சீனி ஏறுகிறது என்று முடிவு செய்தார். மறுநாளிலிருந்து காலையில் மூன்று ரொட்டி சுட்டார். சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட, எந்தத் தப்பும் செய்யாமலே என் உடம்பு என் பிள்ளையைக் கெடுக்கிறதே என்று பயந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக என் உடம்பை நான் வெறுத்தேன். குளிக்கும்போது வயிற்றைப் பார்க்கமாட்டேன், மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொள்வேன்.

எட்டாம் மாதம் ஸ்கேன் எடுக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டொக்டர் மெஷினை வயிற்றில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை என்று ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், பிறகு மறுபக்கம் படுக்கச் சொன்னார். கடைசியில் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டிப் பேசியது புரிந்துவிட்டது.

"தோளா? தோளுக்கு என்னாங்க?" என்று படுத்தபடியே கேட்டேன்.

அந்த நர்ஸ் யாழ்ப்பாணத்து அம்மா. என் கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைத்தார். "பயப்பிடாதையுங்கோ. பிள்ளை பெரிசா வளர்ந்திருக்கு. தலையை விடத் தோளும் வயிறும் பெரிசு. அப்பிடியான பிள்ளையள் பிறக்கேக்க சிலவேளை தோள் இறுகிப்போகும். அதுதான் உங்களை வார்ட்டிலை நிப்பாட்டப் போகினம்."

வேறு யாருக்காவது அது வெறும் வார்த்தையாக இருந்திருக்கும். நான் மூன்று வருடமாகத் தினமும் அந்தக் கைக்குச் சட்டை போடுகிறவள். அந்த விரல்கள் எப்படி உள்பக்கம் மடங்கியிருக்கும், மேலே தூக்கிவிட்டால் எப்படிப் பொத்தென்று விழும், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையின் கையை நான் பார்த்துவிட்டேன். தொங்கிக்கொண்டிருந்தது. 

வார்ட்டில் படுக்கவைத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சோற்றை நான் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் மாமியார் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். பையைத் திறந்து துணி மூட்டையை அவிழ்த்தார். ரொட்டி, தேங்காய்ச் சம்பல். பசியில் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தபோது அந்த யாழ்ப்பாணத்து நர்ஸ் விரலில் குத்த வந்தார்.

"என்ன சாப்பிடுறியள்?"

"ரொட்டிதாங்க. சோறு இல்ல" என்று பெருமையாகவே சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ஏழு எட்டு இருக்கும்."

அவர் மூட்டையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரலால் தடிப்பை அளந்து பார்த்தார். "எவ்வளவு காலமா?"

"சோத்தக் கொறைக்கச் சொன்னதுலருந்துங்க."

"ஐயோ பிள்ளை," என்றார். "இதுவும் மாச்சாப்பாடுதானே. சோறும் இதுவும் வயித்துக்குள்ள போனா ரெண்டும் ஒண்டுதான், சீனியாத்தான் மாறும். உதிலை ஒண்டு, ஒரு பெரிய கோப்பை சோத்துக்குச் சமன். ஆர் உங்களுக்கு ரொட்டி சாப்பிடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சாப்பிட வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை. வாயில் இருந்த துண்டைக் கையில் துப்பினேன். மாமியார் மூட்டையை அவசர அவசரமாகக் கட்டினார். முடிச்சு விழவில்லை. "நாந்தானே சுட்டுப் போட்டேன். நாந்தானே புள்ள சுட்டுப் போட்டேன்" என்று கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவர் மேல் எனக்குக் கெட்ட கோபம். பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

அதற்குப் பிறகு இன்சுலின் ஊசி போட்டார்கள். ஒரு சின்னக் கோப்பை சோறு, பருப்பு, நிறையக் கீரை, ஒரு முட்டை. சோறு சாப்பிட்டேன், சீனி இறங்கியது. சிரிப்பதா அழுவதா? ஆனால் பிள்ளை வளர்ந்தது வளர்ந்ததுதான். அதைத் திரும்பச் சின்னதாக்க எந்த ஊசியும் இல்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டுமென்று டொக்டர்மார் முடிவு செய்தார்கள். என் உடம்புக்கு அதுவும் லேசான வேலை இல்லை, மயக்க மருந்து கொடுப்பது கஷ்டம், காயம் ஆற நாளாகும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். என் கையெழுத்து அன்று என் கையெழுத்து மாதிரியே இல்லை.

மாதம் நிறைந்ததும் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். தியேட்டருக்குள் ஒரே குளிர். குனிந்து உட்காரச் சொல்லி முதுகில் ஊசி குத்தினார்கள். எலும்புக்கு நடுவில் இடம் தேட வேண்டும், என் முதுகில் அது கைக்குத் தட்டுப்படவில்லை. முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. "அசைய வேணாம் அம்மா, அசைய வேணாம்" என்றார் பின்னால் நின்ற டொக்டர். நர்ஸ் ஒருத்தி என் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. நான் செத்துப்போனாலும் பரவாயில்லை, கை மட்டும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டலாமா என்று தெரியாது, வேண்டினேன். நாலாவது தடவை கால்கள் சூடாகி மரத்துப்போயின.

அப்புறம் இழுக்கிறார்கள், அமுக்குகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. வலி இல்லை. யாரோ "லொக்கு பபா" என்றார். பெரிய பிள்ளை. அது எனக்கு விளங்கியது. பிறகு அழுகைச் சத்தம். ஒரு தடவை என் முகத்துக்கு மேலே காட்டினார்கள், ஆண் பிள்ளை என்றார்கள். துணியால் கழுத்து வரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். கை உள்ளே. "கையக் காட்டுங்க" என்றேன். என் குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. பிள்ளைக்குச் சீனி அளவுக்கு மேல் இறங்கிவிட்டது என்று அவசரமாகக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, பல்லெல்லாம் தெரிந்தது. "ஆறு மாசத்துப் புள்ள மாதிரி இருக்கான்" என்றார்.

"கை?"

"கை கால் எல்லாம் இருக்கு புள்ள."

"இருக்கான்னா கேட்டேன்? அசைக்கிறானா? எடது கை?"

அவருக்குப் புரியவில்லை. கையில் ஊசி குத்திக் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் சரியாகப் பார்க்கவில்லை என்றார். வந்த கோபத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறியப் பார்த்தேன். வெட்டித்தானே எடுத்தார்கள், தோள் எங்கே மாட்டப் போகிறது என்று அறிவு சொன்னது. பயம் அறிவின் பேச்சைக் கேட்டால்தானே? மறுநாள் மத்தியானம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இரண்டு உள்ளங்கையிலும் என் சுண்டு விரலை வைத்தேன். இரண்டும் பிடித்தன. இடது பிடியை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சோதித்தேன். அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி, "போதும், பிள்ளையைத் தூங்க விடுங்க" என்று அதட்டும் வரை விடவில்லை.

அவனுக்குச் சீனி சரியான அளவுக்கு ஏற மூன்று நாளானது. என் காயம் மடிப்புக்குள் ஈரமாகிப் பிரிந்து, சீழ் வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆனால் அந்தப் பயம் போய்விட்டிருந்தது. வலியோடு மட்டும் இருப்பது சுகமாகத்தான் இருந்தது.

லயத்துக்குத் திரும்பி வந்த பிறகு எல்லாரும் பிள்ளை பார்க்க வந்தார்கள். கடைசியாக வந்தவள் அவள், கை தொங்குகிற பிள்ளையின் அம்மா. மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மகனைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. இடது கையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விட்டாள். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இன்னொரு தடவை தூக்கினாள். இன்னொரு தடவை இழுத்தான்.

"தூக்குறான்" என்றாள்.

"வெட்டி எடுத்ததால தப்புனான். எல்லாம் அந்த ரொட்டியால வந்த வென" என்று நான் தொடங்கினேன். சோற்றைக் குறைக்கச் சொன்னது, ஏழு எட்டு ரொட்டி சாப்பிட்டது, அந்த நர்ஸ் விரலால் அளந்து பார்த்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். மாமியார் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. நான் பாதியில் நிறுத்தினேன்.

அவளுடைய மகள் ஒற்றைக் கையால் தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி அந்தத் தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் சோத்தத்தான் அக்கா கொறைக்கச் சொன்னாங்க" என்றாள்.